நாளைக்கு வந்தீங்கன்னா: ஆங்கில நிபந்தனை வாக்கியமும் தமிழ்க் காதும்

‘கையில் பணம் இருந்தால் இந்த மனையை வாங்குவேன்.’ தமிழில் இது ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் சொல்லப் போனால் இரண்டாகப் பிரியும். சீட்டுப் பணம் அடுத்த மாதம் கைக்கு வரக்கூடும் என்ற நிலையில் சொன்னால் ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் பை திஸ் பிளாட்’. பணமும் இல்லை, வரும் வழியும் தெரியவில்லை, மனையைப் பார்த்துப் பெருமூச்சுதான் விட முடிகிறது என்றால் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை திஸ் பிளாட்’. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக ஆங்கிலம் இடம் கொடுப்பதில்லை. சொல்வது நடக்கக்கூடியதா, நடப்பிலிருந்து விலகிய கற்பனையா என்பதைப் பேசுபவர் வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டும்.

தமிழ் அந்தச் சுமையை வினைச்சொல்லின் மேல் ஏற்றுவதில்லை. கேட்பவர் நம் முகத்தையும் நம் வீட்டு நிலவரத்தையும் வைத்துப் புரிந்துகொள்வார். புரியாமல் போய்விடுமோ என்று தோன்றினால் துணைச்சொற்களைச் சேர்த்துக்கொள்கிறோம். ‘ஒரு பேச்சுக்குச் சொல்றேன்’ என்று தொடங்கினால் வருவது கற்பனை. ‘ஒருவேளை’ என்றால் பாதி வாய்ப்பு. ‘பணம் மட்டும் இருந்துச்சுன்னா’ என்று ‘மட்டும்’ விழுந்தால் பணம் இல்லை என்பது உறுதி. ஆங்கிலத்தின் ‘இஃப் ஒன்லி’யும் இதே வேலையை இதே பொருளுள்ள சொல்லைக் கொண்டுதான் செய்கிறது. இவை போதாதென்று ‘சப்போஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் பேச்சுத் தமிழ் எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘சப்போஸ் மழை வந்தா என்ன பண்றது?’ என்பதில் யாருக்கும் ஆங்கில வாடை அடிப்பதில்லை.

இறந்தகாலத்தில் தமிழுக்குத் தனி வடிவம் இருக்கிறதே, ‘இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்’ என்று சொல்கிறோமே என்று கேட்கலாம். அதுவும் முழுத் தெளிவு தருவதில்லை. ஓர் அலுவலகத்தில் இருவர் பேசிக்கொள்கிறார்கள். ‘நேத்து அவர் வந்திருந்தா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருப்பார்.’ அவர் வந்தாரா இல்லையா என்று தெரியாமல், ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கப் போகிறவர் இதைச் சொல்லலாம். அவர் வரவே இல்லை என்று தெரிந்தவரும் இதே சொற்களில் சொல்லலாம். ஆங்கிலத்தில் முன்னவர் ‘இஃப் ஹி கேம் எஸ்டர்டே, ஹி வில் ஹேவ் சைண்ட்’ என்பார். பின்னவர் ‘இஃப் ஹி ஹேட் கம், ஹி வுட் ஹேவ் சைண்ட்’ என்பார்.

தமிழ் மாணவர்கள் இஃப் கிளாஸில் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பதற்கு என் விடை இதுதான்: தம் மொழி கேட்காத ஒரு கேள்வியை ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் கேட்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஓர் அட்டவணையைக் கொடுக்கிறார்கள்.

அந்த அட்டவணை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. பிறகு சேர்ந்துகொண்ட பூஜ்ய வகை. 1960இல் வெளிவந்து இந்தியாவிலும் பரவலாகப் படிக்கப்பட்ட தாம்ஸன், மார்ட்டினெட் இருவரின் இலக்கண நூல் நிபந்தனை வாக்கியங்களை மூன்று வகைகளாகத்தான் பிரித்தது. நம் வகுப்பறைகளில் அது வி1, வி2, வி3 என்ற சூத்திரமாகச் சுருங்கிவிட்டது. ‘இஃப் பக்கம் வி2 வந்தா அந்தப் பக்கம் வுட் பிளஸ் வி1, ஹேட் பிளஸ் வி3 வந்தா வுட் ஹேவ் பிளஸ் வி3.’ கோடிட்ட இடத்தை நிரப்ப இது உதவும். ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது உதவாது. அங்கே எந்தப் பக்கமும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2002இல் வெளியிட்ட ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் இந்த நான்கையும் இரண்டாக்கிவிடுகிறது. ஒன்று திறந்த நிபந்தனை: நடக்கவும் கூடும், நடக்காமலும் போகும், பேசுபவர் கதவைச் சாத்தவில்லை. மற்றது தொலைநிலை நிபந்தனை: பேசுபவர் அதை நடப்பிலிருந்து தள்ளி வைத்துப் பேசுகிறார். எனக்கு இந்தப் பிரிவே சரியென்று படுகிறது. மீதியெல்லாம் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத் தானாக விழும்.

தள்ளி வைப்பதற்கு ஆங்கிலம் பயன்படுத்தும் வழி ஒன்றே ஒன்று. வினைச்சொல்லைக் காலத்தில் ஒரு படி பின்னே நகர்த்துவது. ‘ஹேவ்’ ஒரு படி பின்னே போனால் ‘ஹேட்’. ‘வில்’ பின்னே போனால் ‘வுட்’. ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகால வடிவம்தான், ‘குட்’ என்பது ‘கேன்’னுடைய இறந்தகால வடிவமாக இருப்பதைப் போல. பேசும் செய்தியே நேற்றையது என்றால் ‘ஹேட்’ என்பதில் ஏற்கெனவே இறந்தகாலம் இருக்கிறது, ஆகவே இன்னொரு படி நகர்ந்து ‘ஹேட் ஹேட்’ ஆகிறது. ‘வுட்’டுக்கு அதற்குமேல் பின்னே போக வடிவம் இல்லாததால் ‘ஹேவ்’வைத் துணைக்கு அழைத்து ‘வுட் ஹேவ் பாட்’ ஆகிறது. இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் தனித்தனிச் சூத்திரங்களாகத் தோன்றினாலும் அடியில் இருக்கும் அசைவு ஒன்றே. ‘அன்றைக்கே படித்திருந்தால் இன்றைக்கு டாக்டராக இருப்பேன்’ போல நேற்றும் இன்றும் கலந்த வாக்கியங்களுக்கும் தனிப் பெயர் தேவையில்லை. ‘இஃப்’ பகுதியை நேற்றுக்கு ஏற்றபடியும் மற்றதை இன்றைக்கு ஏற்றபடியும் நகர்த்தினால் போதும்.

இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்காத இந்த விந்தையை மொழியியலாளர்கள் நெடுநாளாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்ஸன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் இதை விரிவாகப் பேசினார். 2000இல் சபீன் இயாட்ரிடூ, கிரேக்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இறந்தகால உருபின் அடிப்படைப் பொருள் ‘விலக்குதல்’ என்றார். காலத்தைப் பற்றிப் பேசும்போது அது ‘இப்போது’ என்பதை விலக்குகிறது. உலகத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாம் வாழும் இந்த உலகம்’ என்பதை விலக்குகிறது. அந்தக் கட்டுரைக்குப் பின் ‘போலி இறந்தகாலம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

‘இஃப் ஐ வேர்’ என்பதில் ‘ஐ’க்கு ஏன் ‘வேர்’ வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு வடிவமும் நினைத்ததைச் சொல்ல வேறொரு வடிவமும் இருந்தன. ஈற்றெழுத்துகள் தேயத் தேய இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘பி’ வினையில் மட்டும் ‘வாஸ்’, ‘வேர்’ என்று வேறுபாடு தெரியும்படி எஞ்சிவிட்டது. இன்றைய பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று ஆங்கிலேயரே தாராளமாகச் சொல்கிறார்கள். எழுத்திலும் தேர்விலும் ‘வேர்’ எழுதுவது பாதுகாப்பு.

இனி நம் பக்கம் வருவோம். பேருந்து நிலையத்தில், ரேஷன் கடையில், பல் ஆஸ்பத்திரியில் தினமும் கேட்கும் வாக்கியம் இது: ‘நாளைக்கு வந்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிடலாம்.’ இதை நிறுத்திப் பாருங்கள். ‘நாளைக்கு’ என்பது எதிர்காலம். ‘வந்தீங்க’ என்பது சுத்தமான இறந்தகால வினைமுற்று. ‘நேத்து வந்தீங்க’ என்பதில் வரும் அதே ‘வந்தீங்க’. இரண்டும் ஒரே வாக்கியத்தில் உரசாமல் நிற்கின்றன. எழுத்துத் தமிழிலும் அப்படியே. வந்தால், போனால், செய்தால், படித்தால் எல்லாமே இறந்தகால அடியின்மேல் ‘ஆல்’ ஏறியவை. ‘வருவால்’, ‘செய்வால்’ என்று யாரும் சொல்வதில்லை. எதிர்மறையான ‘வராவிட்டால்’ என்பதில்கூட ‘விட்ட்’ என்ற இறந்தகால அடி உட்கார்ந்திருக்கிறது. தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டுத் தற்காலத் தமிழ் இலக்கணமும், ஹெரால்ட் ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டுப் பேச்சுத் தமிழ் இலக்கணமும் நிபந்தனை எச்சம் இறந்தகால அடியிலிருந்து உருவாவதைப் பதிவு செய்திருக்கின்றன.

காலம் ஒன்றும் வடிவம் ஒன்றுமாக வருவது நம் இலக்கணிகளுக்கும் புதிதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் கூப்பிடுபவரிடம் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறார். இன்னும் எழுந்திருக்கவே இல்லை. இப்படி வருங்காலச் செயலை விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்வதைத் தொல்காப்பிய வினையியல் தனி நூற்பாவில் ஏற்றுக்கொள்கிறது. நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்று மேலும் காரணங்களைச் சேர்க்கிறது. கால வழுவமைதி என்று பள்ளியில் நாம் படித்தது இதைத்தான்.

ஆனால் தமிழ் நிபந்தனையில் வரும் இறந்தகாலத்தையும் ஆங்கில நிபந்தனையில் வரும் இறந்தகாலத்தையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. தமிழின் ‘வந்தால்’ நடக்கக்கூடியதற்கும் வரும், நடக்காததற்கும் வரும். அதிலுள்ள இறந்தகால அடி கற்பனையின் அடையாளம் இல்லை. ஆங்கிலத்தில் அது கற்பனையின் அடையாளம். ஆனால் இறந்தகால வடிவத்தைக் கேட்டதும் ‘இது நடந்து முடிந்தது’ என்று முடிவு கட்டாத காது தமிழருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ‘இஃப் யூ கேம் டுமாரோ’ என்பதைக் கேட்டு ‘டுமாரோவுக்கு எப்படி சார் கேம் வரும்?’ என்று கேட்கும் மாணவரிடம், ‘நாளைக்கு வந்தீங்கன்னா என்று நீ சொல்வதில்லையா?’ என்று திருப்பிக் கேட்டால் போதும். எந்த அட்டவணையும் தராத விளக்கம் அதில் கிடைத்துவிடும்.

தமிழ் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ‘இஃப் யூ வில் கம்’ என்று எழுதுவது பெரும்பிழையாகக் கருதப்படுகிறது. அதைத் தமிழின் தாக்கம் என்று சொல்வது எளிது, ஆனால் பொருந்தாது; நாம்தான் ‘வருவால்’ என்று சொல்வதில்லையே. ‘எதிர்காலம் என்றால் வில் போடு’ என்று முந்தைய வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரத்தின் விளைவு அது. ‘அன்லெஸ்’ஸோடு ‘டோன்ட்’ சேர்ப்பது வேறு கதை. ‘படிக்காவிட்டால்’ என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருப்பதால், ஆங்கிலத்திலும் வினையை மறுக்கக் கை போய்விடுகிறது. ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது என்று ஒருமுறை காட்டினால் சரியாகும்.

நேராகத் தமிழிலிருந்து வருவது ‘மீன்ஸ்’. ‘இஃப் ஹி கம்ஸ் மீன்ஸ், ஐ வில் டெல் யூ.’ சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அலுவலகத் தொலைபேசிகளில் சாதாரணமாகக் கேட்கும் ஆங்கிலம் இது. கேட்டுச் சிரிப்பவர்கள் அதன் தர்க்கத்தைக் கவனிப்பதில்லை. தமிழில் ‘அப்படின்னா என்ன?’ என்று பொருள் கேட்கவும் ‘ன்னா’தான், ‘வந்தார்ன்னா’ என்று நிபந்தனை போடவும் ‘ன்னா’தான். இரண்டும் ‘என்றால்’ என்பதன் பேச்சு வடிவம். நிபந்தனை தமிழில் பகுதியின் கடைசியில் நிற்கும், ஆங்கிலத்தில் முதலில் நிற்கும். தலையில் ஒரு ‘இஃப்’ போட்ட பிறகும், கடைசியில் எதையோ விட்டுவிட்டோம் என்று தமிழ்க் காது தேடுகிறது. அந்த இடத்தில் ‘மீன்ஸ்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் தெரிந்தவர் அதை ஒரு வாரத்தில் விட்டுவிடலாம்.

பிழைகளைவிடக் கெடுதலானது தவறான விளக்கம். பல கைடுகள் மூன்றாம் வகையை ‘இம்பாஸிபிள் கண்டிஷன்’ என்கின்றன. 1951இல் தத்துவவியலாளர் ஆலன் ராஸ் ஆண்டர்ஸன் காட்டிய எடுத்துக்காட்டு அதை உடைத்துவிடுகிறது. நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர், இவர் ஆர்செனிக் சாப்பிட்டிருந்தால் இப்போது இவரிடம் தெரியும் இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும் என்கிறார். வடிவம் ‘ஹேட் பிளஸ் வி3’. ஆனால் மருத்துவர் அவர் ஆர்செனிக் சாப்பிட்டார் என்பதற்கே வாதாடுகிறார். பேசுபவர் ஒன்றைத் தள்ளி வைத்து யோசிக்கிறார் என்பது மட்டுமே வடிவம் சொல்லும் செய்தி. அது நடந்ததா இல்லையா என்பதை நாம்தான் சூழலிலிருந்து அறிய வேண்டும், ரிஜிஸ்டர் எடுத்துக்காட்டில் செய்ததைப் போலவே.

மொழியில் இதற்குத் தனி வடிவம் இல்லாவிட்டால் அப்படிச் சிந்திக்கவே கடினமாக இருக்குமோ? இந்தக் கேள்வி உளவியலில் ஒரு பெரிய விவாதமாக நடந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆல்ஃப்ரெட் புளூம் ஹாங்காங்கில் சீன மொழி பேசுவோரிடம், அரசு இப்படியொரு சட்டம் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்பதைப் போன்ற கேள்விகளைக் கேட்டார். அரசு அப்படிச் செய்யவில்லையே என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தது. சீன மொழியில் கற்பனை நிபந்தனைக்குத் தனி உருபு இல்லை. 1981இல் வெளியிட்ட நூலில் அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். சீன மொழி தெரியாத ஓர் ஐரோப்பியத் தத்துவவாதியைப் பற்றி, அவருக்குச் சீனம் தெரிந்திருந்தால் இன்னின்னது நடந்திருக்கும் என்று அடுக்கும் கதை ஒன்றைக் கொடுத்தும் சோதித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அவை நடக்கவில்லை என்று புரிந்துகொண்டார்கள். சீனத்தில் படித்தவர்களில் பலர் குழம்பினார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1983இல், டெரி கிட்-ஃபோங் ஆவ் மறுப்பு எழுதினார். சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், புளூமின் கதை சீனர் எழுதும் சீனத்தில் இல்லை என்று காட்டினார். இயல்பான சீனத்தில் எழுதிய கதைகளைக் கொடுத்தபோது மாணவர்கள் சிரமமின்றிப் புரிந்துகொண்டார்கள். 1985இல் லிசா லியூவின் ஆய்வும் புளூமின் முடிவை ஆதரிக்கவில்லை. சிந்தனையில் குறை இருக்கவில்லை, கொடுத்த மொழிபெயர்ப்பில்தான் இருந்தது.

நம் கைடுகளைப் படிக்கும்போது இந்த விவாதம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ‘இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை’ என்பதற்கு ‘நான் ஒரு பறவையாக இருந்திருந்தால் பறந்திருப்பேன்’ என்று தமிழ் போடுகிறார்கள். இந்தத் தமிழ் மூன்றாம் வகை ஆங்கிலத்துக்கு உரியது. ‘நான் பறவையாக இருந்தால் பறப்பேன்’ என்று எழுதினால் முதல் வகையோடு குழம்பும் என்று பயந்து அப்படி எழுதுகிறார்கள் போலும். பறவையாவது நடக்காது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியுமே, அங்கே என்ன குழப்பம் வரும்? தவறான தமிழைப் படித்துவிட்டு ஆங்கிலம் புரியவில்லை என்று வருந்தும் பிள்ளைகளை நினைத்தால் மனம் கசக்கிறது.

‘விஷ்’ஷிலும் கேடு மொழிபெயர்ப்பில்தான் தொடங்குகிறது. ‘விஷ் என்றால் விரும்பு’ என்று படித்தவர் ‘ஐ விஷ் ஐ வில் பாஸ்’ என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்? தேர்ச்சி பெறுவேன் என்ற எதிர்பார்ப்புக்கு ‘ஹோப்’ இருக்கிறது. பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும் ‘விஷ்’, விருப்பத்தைவிட ஏக்கத்தின் பக்கம் நிற்கிறது. இல்லாததை நினைத்து ஏங்குவதால் அதன் வினையும் அதே ஒரு படி பின்னே போகிறது. இன்றைய குறைக்கு ‘ஐ விஷ் ஐ வேர் டாலர்’. நேற்றைய குறைக்கு ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்’. தமிழில் இந்த ஏக்கத்தைச் சொல்லும் முறைகள் எத்தனை வகை! ‘இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்’, ‘அப்பவே ஒழுங்காப் படிச்சிருக்கலாம்’, ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ மூன்றாவதில் ஏக்கத்தோடு குறைப்படுதலும் கலந்திருக்கிறது. அதை ஆங்கிலத்தில் ‘ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மீ’ என்றால் போதும். குரல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

‘விஷ்’ஷோடு ‘வுட்’ வரும் இடம்தான் மாணவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாதது. ‘ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்’ என்பதற்கு அகராதியில் விடை கிடைக்காது, பாட்டிகளிடம் கிடைக்கும். ‘இந்த மழை கொஞ்சம் நிக்காதா!’ என்று வாசலைப் பார்த்துச் சொல்கிறார்களே, அதுதான். நம் கையில் இல்லாத ஒன்று மாறாதா என்ற அலுப்பு. அதனால்தான் ‘ஐ விஷ் ஐ வுட்’ என்று சொல்வது பொதுவாகப் பொருந்துவதில்லை. என்னை மாற்றுவது என் கையில் இருக்கிறது. தமிழிலும் ‘அவன் பேச்சை நிறுத்த மாட்டானா!’ என்று அலுத்துக்கொள்கிறோம். ‘நான் பேச்சை நிறுத்த மாட்டேனா!’ என்று சாதாரணமாகச் சொல்வதில்லை.

பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் இந்தப் பாடத்தைத் தமிழிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். முதல் வகுப்பில் ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைச் சொல்லக்கூடிய இரண்டு மனிதர்களை மாணவர்களே கற்பனை செய்யட்டும். சீட்டு எடுக்கப் போகிறவர் ஒருவர், பெருமூச்சு விடுகிறவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஆங்கிலம் எந்த வினையைக் கொடுக்கிறது என்பதை அதன் பிறகு காட்டலாம். ‘நாளைக்கு வந்தீங்கன்னா’வை இரண்டாம் வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அட்டவணை வேண்டுமானால் கடைசியில் வரட்டும். தேர்வுத் தாளிலும் கோடிட்ட இடங்களைக் குறைத்து, ஒரு சூழலைத் தமிழில் கொடுத்து அதற்குரிய ஆங்கில வாக்கியத்தை எழுதச் சொல்லும் கேள்வியைச் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய கருவியும் கூடுதல் செலவும் தேவையில்லை; ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற தடையை விலக்கினால் போதும்.